சும்மா இருக்கும் மூளையில் பரம்பரையின் தடம்

மூளையின் மின்துடிப்பைப் பதியும் இ.இ.ஜி. அறையில் முதல் இருபது நிமிடம் தலைமுடியோடுதான் போராட்டம். எண்ணெய் வைக்காமல், தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள். டெக்னீஷியன் டேப் வைத்துப் புருவ மத்தியிலிருந்து பிடரி வரை அளப்பார், பென்சிலால் புள்ளி வைப்பார், ஒவ்வொரு புள்ளியிலும் பசை தடவி எலெக்ட்ரோடை ஒட்டுவார். விளக்கு மங்கும். "கண்ணை மூடிக்கோங்க. தூங்கிடாதீங்க. எதையும் யோசிக்காம சும்மா இருங்க" என்பார். ஓரிரு நொடிதான். பின்மண்டையிலிருந்து வரும் கோடுகள் மாறத் தொடங்கும். அதுவரை சிறு நடுக்கத்தோடு ஓடிக்கொண்டிருந்தவை நொடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் சீரான அலையாகிவிடும். "கண்ணைத் திறங்க" என்றதும் அலை அடங்கும். மூடினால் மறுபடி எழும்.

இதற்கு ஆல்ஃபா அலை என்று பெயர். படுத்திருப்பவர் எதையும் பார்க்கவில்லை, எந்தக் கணக்கையும் போடவில்லை. ஆனாலும் அலை வருகிறது. அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. ஒருவருக்கு நொடிக்கு ஒன்பது, இன்னொருவருக்குப் பதினொன்று. சிலருக்கு ஓங்கி எழும், சிலருக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டுமே இயல்புதான். அதே ஆள் சில வருடம் கழித்து வந்து படுத்தாலும் ஏறக்குறைய அதே அலைதான் வருகிறது.

சும்மா இருக்கும்போதே மூளைக்கு ஒரு தனிப்போக்கு இருக்கிறது என்றால், அது எங்கிருந்து வந்தது? அம்மா அப்பாவிடமிருந்தா? அப்படியென்றால் எந்த மரபணு, எந்த ரசாயனத்தின் வழியாக? முப்பது ஆண்டுகளாக உலகின் பெரிய ஆய்வகங்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன. பெரிய அறிவிப்புகள் வந்தன, அவற்றில் பல கவிழ்ந்தன. கவிழாமல் நின்றவை சில. எது நின்றது, எது விழுந்தது என்று நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இது. எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் உங்கள் பிள்ளையின் குணத்தையே சொல்லிவிடுகிறோம் என்கிற விளம்பரங்கள் நம் போனுக்கே வந்துவிட்டன.

இரட்டையரின் அலைகள்

ஆல்ஃபா அலையை முதலில் பார்த்தவர் ஜெர்மனியின் ஜெனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். இளவயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் பிழைத்தவர் அவர். அன்றைக்கே வீட்டிலிருந்து தந்தி வந்தது. தம் சகோதரிக்குத் திடீரென்று மனம் பதறியதாகவும், அவள் வற்புறுத்தித்தான் தந்தி அடித்ததாகவும் பின்னால் தெரிந்துகொண்டார். மனசில் எழுவது அளக்கக்கூடிய சக்தியாக வெளியே வருமா என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. தேடியது கிடைக்கவில்லை. ஆனால் 1924-ல், மண்டை ஓட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்த 17 வயது இளைஞனின் தலையிலிருந்து மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்தார். கருவியின் பிழையோ என்ற சந்தேகத்தில் ஐந்து வருடம் திரும்பத் திரும்பச் சோதித்து, 1929-ல்தான் வெளியிட்டார். அந்தப் பதிவுகளில் பல அவருடைய மகன் கிளவுஸின் தலையிலிருந்து எடுத்தவை.

ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரின் மூளை அலைகள் அச்சு அசலாக இருப்பதை 1930-களிலேயே ஆய்வாளர்கள் கவனித்துவிட்டார்கள். எண்ணாக வந்தது பிற்பாடு. நெதர்லாந்தில் 16 வயது இரட்டையர் 213 ஜோடியைப் படுக்கவைத்து இ.இ.ஜி. எடுத்த ஆய்வு 1996-ல் வெளியானது. ஆல்ஃபா அலையின் வலிமையில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 89 சதவீதம் மரபு வழி வந்தது என்று கணக்கிட்டார்கள். மனிதனிடம் அளக்கக்கூடிய குணங்களில் இவ்வளவு ஆழமாகப் பரம்பரையில் ஊன்றியவை அதிகம் கிடையாது. உயரத்தின் கணக்கே கிட்டத்தட்ட 80 சதவீதம்தான்.

இந்த எண்ணை எல்லோரும் தவறாகப் படிக்கிறார்கள். உங்கள் அலையில் 89 பங்கு பெற்றோர் கொடுத்தது, 11 பங்கு நீங்கள் சம்பாதித்தது என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தக் குழுவில், அந்த வயதில், அந்த ஊரில், மனிதருக்கு மனிதர் காணும் வித்தியாசத்துக்கு மரபணு வித்தியாசம் எவ்வளவு காரணம் என்பதை மட்டுமே அது சொல்கிறது. எந்த மரபணு என்று சொல்வதில்லை. மாற்ற முடியாது என்றும் சொல்வதில்லை.

ஓய்வு என்று ஒன்று உண்டா?

மூளையின் எடை உடம்பில் 2 சதவீதம். அது செலவழிக்கும் சக்தி 20 சதவீதம். மூளையைக் கசக்கி வேலை செய்தால் இந்தச் செலவு எகிறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1955-ல் அமெரிக்க விஞ்ஞானி லூயி சொகொலாஃப் குழு, மனக்கணக்குப் போடுகிறவர்களின் மூளை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அளந்தது. சும்மா இருந்தபோது எடுத்த அதே அளவுதான். கணக்கு நடக்கும் இடத்தில் ரத்த ஓட்டம் கூடுவது உண்மை. ஆனால் மொத்தச் செலவில் அது சொற்பம். பெரும்பங்கு போவது நாம் கேட்காமலே இரவும் பகலும் உள்ளே நடக்கும் வேலைக்கு.

இதன் அருமையை அறிவியல் உணர நாற்பது ஆண்டு ஆனது. இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற பாரத் பிஸ்வால், 1990-களின் நடுவில் மில்வாக்கியில் ஆய்வு மாணவர். எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் விரல் தட்டச் சொன்னால் மூளையில் கையை ஆளும் பகுதி ஒளிர்வதை எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். விரல் தட்டாத நேரத்தில் வரும் ஏற்ற இறக்கத்தை இரைச்சல் என்று கழித்துவிடுவது வழக்கம். பிஸ்வால் அந்தக் கழிவைக் கையிலெடுத்தார். இடப்பக்கக் கைப்பகுதியில் பத்து இருபது நொடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும் அசைவு, வலப்பக்கக் கைப்பகுதியிலும் கூடவே ஏறி இறங்கியது. இரு கையும் அசையவில்லை. ஆனாலும் இரு பகுதியும் பேசிக்கொண்டிருந்தன. 1995-ல் அவர் வெளியிட்டதை முதலில் நம்பியவர்கள் குறைவு. இன்று ஓய்வுநிலை எம்.ஆர்.ஐ. என்ற துறையே அந்தக் கட்டுரையின் மேல் நிற்கிறது.

2001-ல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரைக்கிள் இன்னொன்றைச் சொன்னார். வேலை கொடுத்ததும் அடங்கிப்போய், வேலை முடிந்ததும் எழும் பகுதிகள் மூளையில் உண்டு. நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டி ஒன்று, பின்மண்டையின் உட்புறம் ஒன்று, காதுக்கு மேலே பின்னால் தள்ளி இரு பக்கமும். பழைய நினைவு, நாளைய கவலை, அடுத்தவர் நம்மை என்ன நினைப்பார் என்ற யோசனை எல்லாம் ஓடும் நேரத்தில் இவை உயிர்ப்போடு இருக்கின்றன. டிஃபால்ட் மோட் நெட்வொர்க் என்று பெயர் வைத்தார்கள். 2010-ல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் 29 பெரிய குடும்பங்களைச் சேர்ந்த 333 பேரைப் படமெடுத்து, இந்த வலையின் இணைப்பு வலிமையில் உள்ள வேறுபாட்டில் சுமார் 42 சதவீதம் மரபு வழியது என்று கணக்கிட்டார் டேவிட் கிளான்.

பரம்பரை இருப்பது தெரிந்துவிட்டது. இனி ரசாயனம்.

ஒரே ஓர் எழுத்து

ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தி போக, நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளியில் ரசாயனம் கொட்ட வேண்டும். கொட்டியது அங்கேயே கிடந்தால் செய்தி ஓயாது. உடனே அப்புறப்படுத்தியாக வேண்டும். அப்படியொரு ரசாயனமான டோபமைனை அப்புறப்படுத்த மூளைக்கு இரண்டு வழி. வெளியிட்ட அணுவே உறிஞ்சிக்கொள்வது ஒன்று. நொதி ஒன்று வந்து சிதைப்பது மற்றொன்று. அந்த நொதிகளில் முக்கியமானது காம்ட். கண்டுபிடித்தவர் ஜூலியஸ் ஆக்ஸல்ராட். நரம்பு ரசாயன ஆய்வுக்காக 1970-ல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டவர்.

மூளையின் நடு ஆழத்தில் உறிஞ்சும் வழி வலுவாக இருக்கிறது. திட்டமிடவும், மனசில் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கவும், ஆசையை அடக்கவும் உதவும் நெற்றிப்புற மூளையிலோ உறிஞ்சும் புரதம் மிகக் குறைவு. அங்கே டோபமைன் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பெருமளவு காம்ட்தான் முடிவு செய்கிறது.

காம்ட் மரபணு 22-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஓர் இடத்தில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஜி என்ற எழுத்து இருந்தால் நொதியின் 158-ஆவது கண்ணியில் வேலின் என்ற அமினோ அமிலம் வரும். ஏ இருந்தால் மெத்தியோனின். இந்த ஒரு மாற்றத்தால் மெத்தியோனின் நொதி உடல் சூட்டில் உறுதி குறைந்துவிடுகிறது. சோதனைக்கூடத்தில் அளந்தபோது அதன் வேகம் மூன்று நான்கு மடங்கு குறைவு. மூளைத் திசுவில் வித்தியாசம் அவ்வளவு இல்லை, சுமார் 40 சதவீதம். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு பிரதிகள். ஆகவே இரண்டும் வேலின், இரண்டும் மெத்தியோனின், கலப்பு என மூன்று வகை மனிதர்கள். ஐரோப்பியரிடம் இரு வடிவமும் பாதிக்குப் பாதி. கிழக்கு ஆசியர்களிடம் மெத்தியோனின் வடிவம் குறைவு.

இந்த வித்தியாசம் கண்ணை மூடிப் படுத்திருக்கும் மூளையில் தெரியுமா? சூரிச்சில் ஹான்ஸ் பீட்டர் லாண்டோல்ட் குழு, இளைஞர்கள் இருபத்துச் சொச்சம் பேரைத் தேர்ந்து இ.இ.ஜி. எடுத்தது. பாதிப் பேர் இரட்டை வேலின், மற்றவர்கள் இரட்டை மெத்தியோனின். 2009-ல் அவர்கள் எழுதிய முடிவு இது: இரட்டை வேலின்காரர்களின் ஆல்ஃபா அலை மற்றவர்களுடையதைவிட நொடிக்கு 1.4 துடிப்பு மெதுவாக ஓடியது. அதோடு விடவில்லை. தூங்கவிடாமல் வைத்து, விழிப்பு தரும் மொடாஃபினில் மாத்திரையைக் கொடுத்தார்கள். இரட்டை வேலின்காரர்கள் அதைக் குடித்துத் தெம்பாக இருந்தார்கள். இரட்டை மெத்தியோனின்காரர்களுக்கு அது பெரிதாக உதவவில்லை. மறு ஆண்டு பெய்ஜிங்கிலிருந்து எம்.ஆர்.ஐ. ஆய்வு வந்தது. ஓய்வு நேரத்தில் டிஃபால்ட் மோட் வலைக்குள் நெற்றிப்புறப் பகுதியின் இணைப்பு, இரட்டை வேலின்காரர்களிடம் கலப்பு வகையினரைவிடத் தளர்ந்திருந்தது.

அப்படியானால் மெத்தியோனின் நல்ல வடிவம், வேலின் கெட்டது என்று சொல்லிவிடலாமா? 2003-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் டேனியல் வெயின்பெர்கரின் குழு இதற்குப் பதில் கண்டது. டோபமைனைக் கூட்டும் ஆம்ஃபிட்டமின் கொடுத்தபோது, நினைவாற்றல் சோதனையில் இரட்டை வேலின்காரர்களின் நெற்றிப்புற மூளை குறைந்த உழைப்பில் வேலையை முடித்தது. இரட்டை மெத்தியோனின்காரர்களுக்கோ சோதனை கடினமானதும் தடுமாற்றம் வந்தது. டோபமைன் குறைந்தாலும் சிரமம், கூடினாலும் சிரமம், நடுவில்தான் சுகம். யார் அந்த நடுவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே காம்ட் சொல்லும் செய்தி. அன்றைய மன அழுத்தம், வயது, குடித்த மாத்திரை, தூக்கம் எல்லாமே அந்த நிலையை நகர்த்தக்கூடியவை. ஆங்கில இதழ்கள் இதை வீரன் மரபணு, கவலைக்காரன் மரபணு என்று விற்றது பெரும் அநியாயம்.

சரிந்த கோபுரம்

டோபமைனின் கதையைவிடப் பிரபலமானது செரட்டோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தின் கதை. வெளியேறிய செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்துக்கான மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்செடின் போன்ற மாத்திரைகள் தடுப்பது இந்தப் புரதத்தைத்தான். மரபணுவுக்கு முன்னால் உள்ள ஒரு துண்டு சிலருக்கு நீளம், சிலருக்குக் குட்டை. குட்டை வடிவம் இருந்தால் புரதம் குறைவாக உற்பத்தியாகும்.

1996-ல் குட்டை வடிவக்காரர்களுக்குக் கவலைக் குணம் சற்று அதிகம் என்று ஓர் ஆய்வு வந்தது. 2002-ல், பயந்த முகங்களைக் காட்டினால் அவர்களது மூளையில் அச்சத்தை உணரும் அமிக்டலா அதிகம் துள்ளுகிறது என்றார் அகமது ஹரிரி. 2003-ல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட 847 பேரை வைத்து அவ்ஷலோம் காஸ்பி குழு எழுதியது உலகப் புகழ் பெற்றது. வாழ்க்கையில் அடிமேல் அடி விழுந்தால், குட்டை வடிவக்காரர்கள்தான் மனச்சோர்வில் அதிகம் விழுகிறார்கள் என்றது அது. 2007-ல் பிலடெல்பியாவிலிருந்து ஓய்வுநிலை ஆய்வு வந்தது. முகமும் காட்டவில்லை, வேலையும் கொடுக்கவில்லை. சும்மா படுத்திருக்கும்போதே குட்டை வடிவக்காரர்களின் அமிக்டலாவில் ரத்த ஓட்டம் அதிகம், அதைக் கட்டுப்படுத்தும் நெற்றிப்புறத்தில் குறைவு. மரபணு, ரசாயனம், ஓய்வு மூளை, நோய் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. பாடப்புத்தகங்களில் ஏறின.

பிறகு விரிசல். 2009-ல் நீல் ரிஷ் குழு 14 ஆய்வுகளின், 14,250 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. வாழ்க்கையின் அடிகள் மனச்சோர்வைக் கூட்டுவது உறுதி. குட்டை வடிவம் அதில் ஒரு பங்கும் வகிக்கவில்லை. பிலடெல்பியாவின் ரத்த ஓட்ட முடிவும், பெரிய குழுவில் செய்து பார்த்தபோது கிட்டவில்லை. 2019-ல் கொலராடோவின் மாத்யூ கெல்லர் குழு இறுதி அடியைக் கொடுத்தது. மனச்சோர்வுக்குக் காரணம் என்று கால் நூற்றாண்டாக எழுதப்பட்ட 18 மரபணுக்களை, சில சோதனைகளில் 4,43,264 பேர் வரை எடுத்துப் பரிசோதித்தார்கள். குருட்டாம்போக்கில் எடுத்த வேறு மரபணுக்களைவிட அவை எந்த வகையிலும் மேல் இல்லை.

இவ்வளவு பெரிய பிழை எப்படி நடந்தது? யாரும் ஏமாற்றவில்லை. ஒரு மரபணுவின் விளைவு அணுவளவு. அதைப் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும். ஸ்கேனர் நேரத்துக்கு ஆகும் செலவால் இருபது முப்பது பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். அவ்வளவு சின்னக் குழுவில் தற்செயலாகவே பெரிய வித்தியாசங்கள் தோன்றும். தோன்றியவை அச்சேறும், தோன்றாதவை இழுப்பறையில் கிடக்கும். 2022-ல் ஸ்காட் மாரெக் குழு சுமார் 50,000 பேரின் ஸ்கேன்களை அலசி, மூளைப் படத்தையும் மனிதக் குணத்தையும் இணைக்கும் ஆய்வுக்கு ஆயிரக்கணக்கானோர் தேவை என்று காட்டியது. அதுவரை இத்துறையில் வழக்கமான ஆய்வின் அளவு 25 பேர்.

இன்னொரு பொறியும் இருந்தது. ஸ்கேனருக்குள் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே ஓய்வுநிலை இணைப்புகள் பொய்யாகக் கூடும், குறையும் என்று 2012-ல் நிரூபணமானது. ஆஸ்திரேலிய இரட்டையர் ஆய்வில் இதன் மறுபக்கம் வெளிவந்தது: படுத்திருக்கும்போது ஒருவர் எவ்வளவு நெளிகிறார் என்பதே ஓரளவு பரம்பரை. மூளை இணைப்பின் மரபணுவைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தவர்களில் சிலர் நெளிவதன் மரபணுவை அளந்துகொண்டிருந்திருக்கலாம். நான் மேலே எழுதிய சூரிச், பெய்ஜிங் முடிவுகளும் சின்னக் குழுக்களில் எடுத்தவை என்பதை வாசகர்கள் மறக்கக் கூடாது. காம்ட் நொதியின் வேக வித்தியாசம் உறுதியான உண்மை. ஓய்வு மூளையில் அதன் தடம் எவ்வளவு பெரிது என்பது இனிதான் தீர வேண்டிய வழக்கு.

நின்றது எது?

நியூயார்க்கின் புரூக்ளினில் ஹென்றி பெக்லைட்டர், பெர்னிஸ் போர்ஜெஸ் இருவரும் நடத்திய ஆய்வகம், குடிநோய் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்களை 1989 முதல் ஒரு பெரும் கூட்டு ஆய்வின் பகுதியாகக் கவனித்து வந்தது. அவர்கள் எடுத்த பதிவுகளில் எளிமையானது, கண்ணை மூடிச் சில நிமிடம் உட்கார வைத்து எடுத்த இ.இ.ஜி. ஆல்ஃபாவைவிட வேகமாக, நொடிக்கு 13-க்கு மேல் துடிக்கும் பீட்டா அலை குடிநோயாளிகளிடம் அதிகமாக இருந்தது. 2002-ல் இந்தக் கட்டுரையை முதல் ஆசிரியராக எழுதியவர் மாதவி ரங்கசாமி. குடி மூளையைக் கெடுத்ததால் வந்ததா, குடிக்கும் முன்பே இருந்ததா? 2004-ல் அவரே அடுத்த கட்டுரையில், குடிநோய் உள்ள தகப்பன்மாரின், தாங்கள் குடிநோயாளியாகாத பிள்ளைகளைப் பார்த்தார். அவர்களுக்கும் பீட்டா கூடுதலாகவே இருந்தது.

அதே குடும்பங்களின் மரபணுவைத் தேடியபோது, பீட்டா அலையின் தடம் 4-ஆம் குரோமோசோமில் ஓரிடத்துக்கு இட்டுச் சென்றது. அங்கே வரிசையாக இருப்பவை காபா என்ற ரசாயனத்தை ஏற்கும் புரதங்களின் மரபணுக்கள். காபாதான் மூளையின் பிரேக். அது இல்லாவிட்டால் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டி வலிப்பில் கொண்டுபோய் விடும். 2004-ல் இண்டியானாவின் ஹோவர்ட் ஈடன்பெர்க் குழு, வரிசையிலிருந்த காப்ரா-2 என்ற மரபணுவைச் சுட்டியது.

இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குப் பிடித்தது, அது ஏற்கெனவே தெரிந்த ரசாயனத்தோடு பொருந்தி வருவது. இ.இ.ஜி. அறையில் டெக்னீஷியன் தவறாமல் கேட்பார், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று. டயசெபாம், லோரசெபாம் எடுப்பவரின் பதிவில் பீட்டா அலை பொங்கி வழியும். அந்த மாத்திரைகள் போய் உட்காருவது காபா ஏற்கும் புரதங்களில்தான், காப்ரா-2 தயாரிக்கும் உறுப்பு உள்ளவையும் அதில் அடக்கம். மதுவின் போதையும் அதே புரதங்களைத் தொடுகிறது. பிரேக் அமைப்பில் பிறவியிலேயே உள்ள சிறு வேறுபாட்டால் மூளை அடங்காமல் துடிக்கிறது, அதை அடக்கவே சிலர் மதுவை நாடுகிறார்கள் என்பது பெக்லைட்டர், போர்ஜெஸ் இருவரின் கருதுகோள்.

செரட்டோனின் கதையைக் கவிழ்த்த அதே சோதனை இதற்கும் வந்தது. பல நாட்டு இ.இ.ஜி. ஆய்வகங்கள் கைகோத்து 8,425 பேரின் பதிவையும் மரபணுவையும் சேர்த்து அலசி 2018-ல் வெளியிட்டன. பீட்டா அலைக்கும் காப்ரா-2-க்கும் உள்ள தொடர்பு அங்கேயும் நின்றது.

ஆனால் நின்றது அலையோடு உள்ள தொடர்பு. குடிநோய் என்று வரும்போது, பெரிய ஆய்வுகளில் முன்னால் நிற்பது மூளை மரபணு கூட இல்லை, சாராயத்தைச் செரிக்கும் கல்லீரல் நொதியின் மரபணு. காப்ரா-2-வின் பங்கு சிறிது. அப்பன் குடிகாரன், பிள்ளை வேறெப்படி இருப்பான் என்று நம் தெருவில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். பள்ளி ஆசிரியர்களே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்கு வந்திருப்பது அதிகபட்சம் சற்று வேகமாகத் துடிக்கும் ஓர் அலை. அவன் கிளாஸைத் தொடுகிறானா என்பதை அடுத்த தெருவின் கடையும், வீட்டின் அமைதியும், அவன் மேல் யாராவது வைக்கும் நம்பிக்கையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அந்த வாக்கியம் பிள்ளையின் காதில் விழும்படி சொல்வது பாவம்.

அல்சைமர் நோயோடு தொடர்புள்ள அபோ-ஈ4 மரபணுவையும் இங்கே சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். மூளைக்குள் கொழுப்பைச் சுமக்கும் புரதத்தின் ஒரு வடிவம் அது. 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டில், 20 முதல் 35 வயதுக்குள் உள்ள ஆரோக்கியமானவர்களிலேயே இதை உடையவர்களின் டிஃபால்ட் மோட் வலை ஓய்வில் கூடுதலாக இயங்குவதைக் கண்டார்கள். நோய்க்கு இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கும் வயது. இதுவும் 36 பேர் ஆய்வு. ஆனால் அல்சைமரில் அமிலாய்டு புரதம் முதலில் படிவது இந்த வலை உள்ள இடங்களில்தான் என்பது தனியே உறுதியான செய்தி.

நம் மூளைகள் எங்கே?

இனி தனி மரபணுக்களைத் துரத்தும் காலம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2018-ல் வந்த ஆய்வு, பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் திட்டத்தில் 8,428 பேரின் மூளையில் 3,144 அளவுகளை எடுத்து, மரபணுத்தொகுதி முழுவதோடும் ஒப்பிட்டது. மூளையின் உருவ அளவுகளில் பரம்பரையின் தடம் பளிச்சென்று இருந்தது. ஓய்வுநிலை இணைப்புகளில் சிறு பகுதியில் மட்டும், மெலிதாக. ஒவ்வொரு அளவின் பின்னாலும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள், ஒவ்வொன்றின் பங்கும் துளி.

அந்த 8,428 பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதுதான் நமக்கு உறுத்த வேண்டிய செய்தி. செரட்டோனின் மரபணுவின் குட்டை வடிவம் ஐரோப்பியரில் சுமார் 40 சதவீதம், கிழக்கு ஆசியரில் 70-க்கும் மேல். அங்கே கணக்கிட்டதை இங்கே அப்படியே ஒட்டினால் தப்பாகும். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் விவேக் பெனகல், லண்டன் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து சி-வேடா என்ற ஆய்வை நடத்தினார். பெங்களூரு, மைசூரு, ரிஷிவேலி, கொல்கத்தா, சண்டிகர், இம்பால் என்று பல ஊர்களில் 6 முதல் 23 வயது வரையிலான பிள்ளைகளில் ஏறக்குறைய 10,000 பேரைச் சேர்த்து, வளர்ப்பு, ஊட்டம், சூழல் மாசு, மரபணு எல்லாவற்றையும் கவனிக்கும் முயற்சி. ஒரு பகுதியினருக்கு ஓய்வுநிலை எம்.ஆர்.ஐ.யும் உண்டு. ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகுதித் தரவை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. இரண்டும் நல்ல தொடக்கம். 140 கோடிப் பேருக்கு இது போதாது. ஆயிரக்கணக்கான அகமணச் சாதிகளாகத் தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து கிடக்கும் சமூகத்தில், ஒவ்வொரு குழுவின் மரபணுவும் தனி ஆய்வைக் கேட்கிறது. தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் ஸ்கேனர் இருக்கிறது, இ.இ.ஜி. இருக்கிறது, நோயாளிகளும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கும் நேரமும் பணமும்தான் இல்லை. அரசு நினைத்தால் முடியும்.

அதுவரை, காம்ட்டையும் செரட்டோனின் மரபணுவையும் சோதித்து உங்கள் பிள்ளைக்கு எந்தப் படிப்பு பொருந்தும், எவ்வளவு மன அழுத்தம் தாங்குவான், கோபக்காரனா சாதுவா என்று யாராவது வண்ண அட்டையில் ரிப்போர்ட் நீட்டினால் காசு கொடுக்காதீர்கள். 4,43,264 பேரிடம் தேடியும் கிடைக்காததை உங்கள் பிள்ளையின் எச்சிலில் கண்டுபிடித்துவிட்டதாக அவர் சொல்கிறார். பிள்ளையின் மனநலம் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தமிழ்நாட்டில் 104-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.